விலகிய பள்ளிகளும் திருச்சபையின் பொறுப்பும்
இங்கிலாந்தின் தன்னாட்சிப் பள்ளிகள், 1988 – 1998

முன்னுரை

ஒரு பள்ளிக்கூடம் யாருக்குச் சொந்தம்? நிலத்தைக் கொடுத்துக் கட்டடத்தை எழுப்பிய முன்னோருக்கா? இன்று அதில் தம் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கா? ஆசிரியரின் சம்பளத்தை வழங்கும் அரசுக்கா? அல்லது அப்பள்ளி அமைந்துள்ள ஊரார் அனைவருக்குமா? பள்ளிகளை நடத்தும் திருச்சபை எந்த நாட்டிலும் இக்கேள்விக்கு விடை கூறியாக வேண்டும். சாதாரண நாள்களில் இது எழுவதில்லை. நிர்வாகத்தில் பிளவு ஏற்படும்பொழுதும், பணம் வரும் வழி மாறும்பொழுதும்தான் எழுகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் இக்கேள்வியை நாடறிய எழுப்பிற்று. உள்ளாட்சிக் கல்வி மன்றத்தின் பொறுப்பில் இருக்கும் ஒரு பள்ளி, பெற்றோரின் வாக்கெடுப்பினால் அம்மன்றத்தை விட்டு விலகி, மைய அரசிடமிருந்து நேராக மானியம் பெற்றுத் தன்னைத் தானே ஆண்டுகொள்ளலாம் என்று அச்சட்டம் வழி வகுத்தது. இவ்வாறு விலகியவற்றை இக்கட்டுரையில் ‘தன்னாட்சிப் பள்ளிகள்’ என்று வழங்குவோம். பத்தே ஆண்டுகளில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. ஆயினும், ஒரு பள்ளியின் விடுதலைக்கு உரிய விலையை யார் செலுத்துகிறார்கள் என்ற கேள்வியைத் திருச்சபையின் முன் அது வைத்துச் சென்றது. அக்கேள்வியைப் புரிந்துகொள்ளச் சற்று முந்திய வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

1. சபைப் பள்ளிகளின் தோற்றம்

இங்கிலாந்தின் சபைப் பள்ளி வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. ஸ்காத்லாந்தில் பிறந்த ஆங்கிலிக்கன் குருவானவர் ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். உள்நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அதனோடு இணைத்தார். திண்ணைப் பள்ளியையும் அதன் சட்டாம்பிள்ளையையும் அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் 1797இல் அவர் லண்டனில் தம் அனுபவத்தை வெளியிட்டபொழுது, சிறு செலவில் திரளான ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் வழியாக அது வரவேற்கப்பட்டது. ‘சென்னை முறை’ என்ற பெயரும் அதற்கு நிலைத்தது. குவேக்கரான ஜோசப் லங்காஸ்டரும் இதை ஒத்த முறையொன்றைப் பரப்பினார்.

1811இல் ஆங்கிலிக்கன் திருச்சபையார் தேசிய சங்கத்தை நிறுவி, பெல்லின் முறையில் ஊர்தோறும் பள்ளிகளை எழுப்பத் தொடங்கினர். லங்காஸ்டரை ஆதரித்தோர், பெரும்பாலும் ஆங்கிலிக்கன் அல்லாத சீர்திருத்தச் சபையார், பிரித்தானிய அயல்நாட்டுப் பள்ளிச் சங்கத்தின் வழியாகத் தம் பள்ளிகளை நடத்தினர். அரசு பள்ளிகளுக்காக முதன்முதலில் பணம் ஒதுக்கியது 1833இல்தான். இருபதாயிரம் பவுனாகிய அத்தொகையும் இவ்விரு சங்கங்களின் வழியாகவே வழங்கப்பட்டது. ஆகவே அந்நாட்டில் சபை முதலில் வந்தது; அரசு பின்னர் வந்தது. இவ்வரிசையை மறந்தால் பிற்காலத்துப் பூசல்கள் விளங்கா.

1870ஆம் ஆண்டின் சட்டம், சபைப் பள்ளிகள் இல்லாத இடங்களில் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியங்கள் பள்ளிகளைத் தொடங்கலாம் என்றது. அவ்வாரியப் பள்ளிகளில் எந்த ஒரு சபைக்கும் தனியாக உரிய ஞானோபதேசத்தைக் கற்பிக்கலாகாது என்றும் விதித்தது. 1902ஆம் ஆண்டின் பால்ஃபர் சட்டம் ஏறத்தாழ 2,500 வாரியங்களை நீக்கி, மாவட்ட, நகர மன்றங்களையே கல்விப் பொறுப்பாளர்களாக்கியது. நம் நாட்டு ஜில்லா போர்டுகள் ஒரு காலத்தில் பள்ளிகளை நடத்தியதை நினைவுகூர்வோர் இவ்வமைப்பை எளிதில் விளங்கிக்கொள்வர்.

அச்சட்டம் சபைப் பள்ளிகளின் நடைமுறைச் செலவையும் உள்ளாட்சி வரியிலிருந்து ஈடுசெய்தது. பாப்திஸ்து போதகர் ஜான் கிளிஃபோர்டின் தலைமையில் ஆங்கிலிக்கன் அல்லாத சபையார் இதனை எதிர்த்தனர். தம் மனச்சாட்சிக்கு மாறான போதனைக்குத் தம் வரிப்பணம் செல்லலாகாது என்று கூறி வரி கொடுக்க மறுத்தனர். பலருடைய உடைமைகள் பறிமுதலாயின. சிலர் சிறை சென்றனர். காந்தியடிகள் தம் தென் ஆப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்றில் சாத்விக எதிர்ப்பை விளக்கும் இடத்தில் இப்போராட்டத்தைக் குறிப்பிடுகிறார். பொதுப் பணம் பெறும் பள்ளி பொதுமக்களுக்கும் பதில் கூற வேண்டும் என்னும் கோட்பாடு அன்றே கிறிஸ்தவர் நடுவில் இவ்வளவு வலிமையோடு எழுந்தது என்பது நோக்கற்பாலது.

2. 1944ஆம் ஆண்டின் உடன்பாடு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்வி அமைச்சராயிருந்த ஆர். ஏ. பட்லர், சபைப் பள்ளிகளின் கட்டடங்கள் மிகவும் சீர்கெட்டிருந்ததைக் கண்டார். குறைபாடுள்ளவை என்று அரசு பட்டியலிட்டிருந்த பள்ளிகளில் பெரும்பாலானவை சபைகளுக்கு உரியவை. அவற்றைச் செப்பனிடத் திருச்சபையிடம் பணமில்லை. கான்டர்பரிப் பேராயர் வில்லியம் டெம்பிள் இவ்வுண்மையை மறைக்காமல் ஏற்று, தம் சபையாரை ஓர் உடன்பாட்டிற்கு இணங்கச் செய்தார்.

அவ்வுடன்பாட்டின்படி சபைப் பள்ளிகளுக்கு இரு முக்கிய வழிகள் திறக்கப்பட்டன. ‘உதவி பெறும் பள்ளி’ என்னும் நிலையை ஏற்றால் ஆட்சிக் குழுவில் சபையின் பெரும்பான்மை நீடிக்கும். ஆசிரியரை நியமிப்பதிலும் மறைக்கல்வியிலும் சபையின் உரிமை காக்கப்படும். ஆனால் கட்டடச் செலவில் பாதியைச் சபையே ஏற்க வேண்டும். ‘கட்டுப்பாட்டுப் பள்ளி’ என்னும் நிலையை ஏற்றால் செலவு முழுவதையும் உள்ளாட்சிக் கல்வி மன்றம் ஏற்கும். ஆனால் சபையின் அதிகாரம் பெரிதும் குறையும். கத்தோலிக்கர் தம் பள்ளிகளை உதவி பெறும் பள்ளிகளாகவே வைத்துக்கொண்டு கடன்பட்டும் அவற்றைக் காத்தனர். ஆங்கிலிக்கன் பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை கட்டுப்பாட்டு நிலையை ஏற்றன.

சபை ஏற்க வேண்டிய கட்டடச் செலவு காலப்போக்கில் குறைந்தது. 1959இல் அது நான்கில் ஒரு பங்காயிற்று; 1967இல் 20 சதவீதம்; 1975இல் 15 சதவீதம். இப்பதினைந்து சதவீதம் சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் அதுதான் சபையின் உரிமைக்கு அடையாளமாக நின்றது. ஞாயிறு காணிக்கையிலும் திருமண்டல நிதியிலும் திரட்டப்பட்ட அப்பணம், ‘இப்பள்ளி எங்கள் கையிலும் ஒப்புவிக்கப்பட்டது’ என்று சபையார் சொல்வதற்கு ஆதாரமாயிருந்தது.

3. 1988ஆம் ஆண்டின் சட்டம்

1965 முதல் இங்கிலாந்தின் கல்வி மன்றங்கள் பலவும், பதினோரு வயதில் பிள்ளைகளைத் தேர்வினால் பிரிக்கும் முறையைக் கைவிட்டு, யாவரையும் சேர்க்கும் பொதுப் பள்ளிகளை அமைத்துவந்தன. இதனைக் கன்சர்வேடிவ் கட்சியினர் பலர் விரும்பவில்லை. 1979இல் ஆட்சிக்கு வந்த மார்கரெட் தாட்சரின் அரசு, 1980இலும் 1986இலும் இயற்றிய சட்டங்களால் பெற்றோரின் பள்ளித் தெரிவுக்கும் ஆட்சிக் குழுக்களில் அவர்தம் இடத்துக்கும் வலிமை சேர்த்தது. அமைச்சர் கென்னத் பேக்கர் கொண்டுவந்த 1988ஆம் ஆண்டின் சட்டம் இப்போக்கின் உச்சம் எனலாம். நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம், பள்ளிகளுக்குத் தம் வரவு செலவை நடத்தும் உரிமை, லண்டன் உள்நகரக் கல்வி மன்றத்தின் கலைப்பு ஆகியவற்றோடு, பள்ளிகள் விலகிச் செல்லும் உரிமையும் அதில் அடங்கியிருந்தது.

விலகும் முறை பின்வருமாறு. உயர்நிலைப் பள்ளிகளும், 300 மாணவருக்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளும் இதற்குத் தகுதியுடையன. தொடக்கப் பள்ளிகளுக்கான இவ்வரையறை 1990இல் நீக்கப்பட்டது. ஆட்சிக் குழு இருமுறை தீர்மானம் நிறைவேற்றினாலோ, போதிய எண்ணிக்கையில் பெற்றோர் விண்ணப்பித்தாலோ, பெற்றோரிடையே அஞ்சல் வழி இரகசிய வாக்கெடுப்பு நடைபெறும். பெற்றோரில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லையாயின் இரண்டாம் முறையும் நடைபெறும். அம்முறை எத்தனை பேர் வாக்களித்தாலும் பெரும்பான்மையே முடிவாகும். இறுதி ஒப்புதல் அமைச்சருடையது. ஒப்புதல் கிடைத்தபின் நிலமும் கட்டடமும் புதிய ஆட்சிக் குழுவின் பொறுப்பாகும்; சபைப் பள்ளியின் சொத்தோ அறக்கட்டளையிலேயே தொடரும்.

இம்முறையில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வாக்களிக்கும் உரிமை அன்று பள்ளியில் படித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டுமே இருந்தது. மறு ஆண்டில் பிள்ளையைச் சேர்க்கவிருந்தவர்களுக்கும், ஆசிரியருக்கும், அடுத்த தெருவிலுள்ள பள்ளியின் பெற்றோருக்கும் அவ்வுரிமை இல்லை. இரண்டாவது, விலகிய பள்ளி மனம் மாறினால் மன்றத்தின் பொறுப்புக்குத் திரும்பச் சட்டம் வழி காட்டவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் மட்டுமே பள்ளியோடு தொடர்புடையோர், தலைமுறைகளைக் கட்டுப்படுத்தும் முடிவை எடுத்தனர். மூன்றாவது, விலகிய பள்ளிக்குரிய மானியம், மன்றம் தன் பள்ளிகள் அனைத்துக்கும் பொதுவாகச் செலவிட்ட தொகையின் ஒரு பங்கையும் உள்ளடக்கியது. அத்தொகை மன்றத்தின் நிதியிலிருந்து கழிக்கப்பட்டது. ஒரு பள்ளி பெற்றது எஞ்சிய பள்ளிகளின் பொதுநிதியில் குறைந்தது.

முதற்பள்ளிகள் 1989 செப்டெம்பரில் தன்னாட்சி பெற்றன. லிங்கன்ஷயரில் உள்ள ஸ்கெக்னெஸ் கிராமர் பள்ளியும், லண்டன் நகரின் கத்தோலிக்க ஒராட்டரி பள்ளியும் அவற்றுள் அடங்கும்.

4. சபைப் பள்ளிகளுக்கு வந்த சோதனை

இச்சட்டம் சபைப் பள்ளிகளுக்கு ஒரு கவர்ச்சியான வாய்ப்பையும் ஓர் ஆபத்தையும் ஒரே கையில் நீட்டியது. தன்னாட்சி பெற்ற பள்ளிக்குக் கட்டடச் செலவு முழுவதையும் அரசே தரும். சபை சுமந்துவந்த பதினைந்து சதவீதச் சுமை நீங்கும். பள்ளியின் சமயத் தன்மையும் மாறாது. ஒழுகும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த எந்தத் தாளாளருக்கும் இது எளிதில் மறுக்கத்தக்க வாய்ப்பன்று.

ஆபத்து அவ்வளவு வெளிப்படையாக இல்லை. பள்ளியின் நிலத்துக்கும் நோக்கத்துக்கும் பொறுப்பான அறக்கட்டளையினர், அதாவது பெரும்பாலும் திருமண்டலமோ மறைமாவட்டமோ, விலகலைப் பற்றித் தம் கருத்தைக் கூறலாமேயன்றி அதைத் தடுக்க இயலாது. ஆட்சிக் குழுவும் பெற்றோரும் விரும்பி, அமைச்சரும் இசைந்தால், பேராயரின் எதிர்ப்பையும் மீறிச் சபைப் பள்ளி விலகலாம். நாடாளுமன்றத்தில் மசோதா இருந்த நாள்களில், வெஸ்ட்மின்ஸ்டர்ப் பேராயர் கர்தினால் பேசில் ஹியூமும் கத்தோலிக்க ஆயர்களும் இதனை வன்மையாக எதிர்த்தனர். பெற்றோரின் உரிமையை அவர்கள் மறுக்கவில்லை. பிள்ளையின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்பது அவர்தம் சபையின் போதனை. ஆனால் கத்தோலிக்கப் பள்ளி ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் நிறுவனம் அன்று. மறைமாவட்டம் முழுவதிலும் உள்ள பிள்ளைகளுக்காக அமைந்த பள்ளிக் குடும்பத்தின் உறுப்பு. ஓர் உறுப்பு தன் நலனை மட்டும் நாடினால் உடல் முழுவதும் துன்புறும் என்பது அவர்கள் வாதம். அறக்கட்டளையினரின் இசைவு இன்றி விலகல் கூடாது என்ற அவர்கள் வேண்டுகோளை அரசு ஏற்கவில்லை.

ஆங்கிலிக்கன் தரப்பில் லண்டன் பேராயர் கிரகாம் லெனர்டு பிரபுக்கள் சபையில் முக்கிய பங்கு வகித்தார். பள்ளி வழிபாடு பெரும்பான்மையும் பரந்த கிறிஸ்தவத் தன்மையுடையதாயிருக்க வேண்டும் என்ற விதி அவ்விவாதங்களின் விளைவு. அக்காலப் பொது உரையாடலில் வழிபாடும் மறைக்கல்வியுமே பெரிதும் பேசப்பட்டன. பள்ளியில் என்ன ஜெபிக்கப்படுகிறது என்பதைப் போலவே, பள்ளி யாருக்குப் பதில் கூறுகிறது என்பதும் இறையியல் கேள்வி என்பதைப் பலர் பின்னரே உணர்ந்தனர். 1991இல் ஆங்கிலிக்கன் திருச்சபை தன் சட்டவிதியொன்றினால் திருமண்டலக் கல்வி வாரியங்களின் ஆலோசனைப் பொறுப்பை உறுதிப்படுத்திக்கொண்டது.

கர்தினால் அஞ்சியது அவருடைய மறைமாவட்டத்திலேயே நிகழ்ந்தது. லண்டனில் கர்தினால் வாகன் நினைவுப் பள்ளி என்பது புகழ்பெற்ற கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. மறைமாவட்டம் தன் பள்ளிகளைச் சீரமைக்கத் திட்டமிட்டு, மேனிலை வகுப்புகளைப் பள்ளிகளிலிருந்து நீக்கி ஒருங்கிணைக்க முனைந்தது. வாகன் பள்ளியின் பெற்றோரும் ஆட்சிக் குழுவினரும் தம் மேனிலை வகுப்புகளை இழக்க மறுத்தனர். தம் திட்டத்திற்கு உடன்படாத உறுப்பினரை மாற்றப் பேராயர் முயன்றபொழுது, வழக்கு நீதிமன்றம் சென்றது. ஆட்சிக் குழு உறுப்பினர் சட்டத்தால் சுதந்தரமான பொறுப்பை ஏற்றவர்கள். தம்மை நியமித்தவரின் விருப்பப்படி நடக்கவில்லை என்பதற்காக அவர்களை நீக்கலாகாது என்று நீதிமன்றம் கண்டது. 1990இல் அப்பள்ளி தன்னாட்சி பெற்றது.

இவ்வழக்கில் ஒருவரை வில்லனாகவும் மற்றவரை வீரராகவும் காட்டுவது எளிது. ஆனால் அது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பெற்றோர் தம் கண்முன் இருந்த நல்ல பள்ளியைக் காக்க எழுந்தனர். பேராயரோ அப்பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைகளையும் எண்ண வேண்டியவராயிருந்தார். இரு தரப்பாரும் ஒரே விசுவாசத்தைச் சார்ந்தவர்கள். இரு தரப்பாரும் பிள்ளைகளின் பெயராலேயே பேசினர். நியமிக்கும் அதிகாரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கலந்து பேசும் வழக்கத்தை வளர்க்காத மேலாட்சி எவ்வளவு விரைவில் வலுவிழக்கும் என்பதை நீதிமன்றத் தீர்ப்பு வெளிப்படுத்தியது.

5. அயல் பள்ளியின் கேள்வி

தன்னாட்சியை முதலில் நாடிய பள்ளிகளில் கணிசமானவை மூடப்படும் நிலையிலோ மாற்றியமைக்கப்படும் நிலையிலோ இருந்தவை. பிறப்பு விகிதம் குறைந்து பல பள்ளிகளில் இடங்கள் காலியாயிருந்தன. அவற்றைக் குறைத்துச் சீராக்குமாறு அரசே கல்வி மன்றங்களை வற்புறுத்திவந்தது. மன்றம் ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னவுடன், அப்பள்ளி விலக விண்ணப்பித்தது.

பாத் நகரின் பீச்சன் கிளிஃப் பள்ளி இதற்கு எடுத்துக்காட்டு. அந்நகரின் பள்ளிகளைச் சீரமைக்க முனைந்த ஏவன் மாவட்ட மன்றம், இவ்விடத்தை மேனிலைக் கல்லூரியாக்கத் திட்டமிட்டது. பள்ளி விலக விண்ணப்பித்தது. அமைச்சர் ஒப்புதல் தந்தார். மன்றம் வழக்காடி, 1990இல் அவ்வொப்புதலை நீக்கச் செய்தது. அமைச்சர் மறுபடியும் பரிசீலித்து மறுபடியும் ஒப்புதல் அளித்தார். இம்முறை நீதிமன்றம் அதை ஏற்றது. ஒரு பள்ளி பிழைத்தது. நகர் முழுவதற்குமான திட்டம் குலைந்தது. மூட வேண்டிய பள்ளி ஒன்று இருந்தால் அது எதிர்த்து நிற்க வலிமையற்ற இன்னொரு பள்ளியாக இருக்கும் என்பது இத்தகைய நிகழ்ச்சிகளின் பொருள்.

1998அளவில் தன்னாட்சிப் பள்ளிகள் ஏறத்தாழ 1,200 ஆயின. உயர்நிலைப் பள்ளிகளில் இவை ஐந்தில் ஒரு பங்கை நெருங்கின. தொடக்கப் பள்ளிகளில் மிகச் சிலவே விலகின. வேல்ஸில் இருபது பள்ளிகள்கூட விலகவில்லை. பொதுநிதியின் பங்கைத் தாமே பெற்றும், தொடக்கத்தில் அரசு தாராளமாக அளித்த கட்டட மானியங்களைப் பெற்றும், விலகிய பள்ளிகள் அயல் பள்ளிகளைவிட வசதியடைந்தன. இதற்கிடையில், அதே 1988ஆம் ஆண்டின் சட்டம் எல்லாப் பள்ளிகளுக்கும் தம் வரவு செலவை நடத்தும் உரிமையைத் தந்திருந்தது. ஆகவே நாளடைவில் தன்னாட்சியின் தனிச்சிறப்பு நிர்வாகச் சுதந்தரத்தைவிடப் பணத்திலேயே மிகுதியும் தங்கிற்று.

ஸ்காத்லாந்தின் வரலாறு இங்கே ஒப்பிடத்தக்கது. 1989இல் அந்நாட்டிற்கும் இதே நோக்குடைய தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அங்கே விலகியவை இரண்டே பள்ளிகள். ஒன்று டோர்னாக் அகாடமி. மற்றது டன்பிளேன் ஊரிலுள்ள எப்பிஸ்கோப்பல் சபையின் புனித மரியாள் தொடக்கப் பள்ளி. ஸ்காத்லாந்தில் பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் பள்ளிகளில் பெரும்பாலானவை 1872ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின் பொதுப் பள்ளிகளோடு இணைந்தன. கத்தோலிக்கப் பள்ளிகளும் 1918ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, ஆசிரியரின் விசுவாசம் குறித்த சபையின் ஒப்புதலையும் மறைக்கல்வியையும் உறுதி செய்துகொண்டு, பொது நிர்வாகத்திற்குள் வந்தன. கட்டடச் செலவில் எந்தப் பங்கும் அவற்றின்மேல் சுமத்தப்படவில்லை. ஊர்ப் பள்ளி ஊராருக்கு உரியது என்ற எண்ணம் அங்கே ஆழமாக வேரூன்றியிருந்தது. எனவே ‘விடுதலை’ என்ற அழைப்பு பெற்றோரின் செவியில் ஏறவில்லை. ஒரே அரசின் ஒரே கொள்கை, வேறு வரலாறுடைய நிலத்தில் முளைக்கவில்லை.

6. திட்டத்தின் முடிவும் பின்விளைவும்

1993ஆம் ஆண்டின் சட்டம் விலகும் முறையை எளிதாக்கி, தன்னாட்சிப் பள்ளிகளுக்கு நிதி வழங்க ஒரு மைய முகவாண்மையை நிறுவியது. ஆட்சிக் குழுக்கள் ஆண்டுதோறும் விலகலைப் பற்றி ஆராய வேண்டும் என்றும் விதித்தது. எனினும் எதிர்பார்த்த வேகம் பிறக்கவில்லை. 1995இல் ஜான் மேஜரின் அரசு, உதவி பெறும் சபைப் பள்ளிகள் பெற்றோரின் வாக்கெடுப்பின்றியே விரைவாகத் தன்னாட்சி பெற ஒரு வழியை முன்மொழிந்தது. ஆங்கிலிக்கன், கத்தோலிக்கத் தலைமைகள் இரண்டும் அதை ஆதரிக்க மறுத்தன, திட்டம் கைவிடப்பட்டது.

இம்மறுப்பு இவ்வரலாற்றில் சிறப்பான இடம் பெறத்தக்கது. ஏழு ஆண்டுகளுக்கு முன் பெற்றோரின் வாக்கு மட்டும் போதாது என்று வாதிட்ட திருச்சபைகள், பெற்றோரின் வாக்கே இல்லாத சலுகை தமக்கு வந்தபொழுது அதையும் ஏற்கவில்லை. தம் அதிகாரத்தை மட்டும் காப்பதே அவர்கள் நோக்கமாயிருந்திருந்தால், அச்சலுகை இனித்திருக்க வேண்டும்.

1997இல் பதவியேற்ற லேபர் அரசு, 1998ஆம் ஆண்டின் சட்டத்தினால் தன்னாட்சிப் பள்ளி என்னும் வகையை நீக்கியது. 1999 செப்டெம்பரில் அப்பள்ளிகள் மீண்டும் உள்ளாட்சிக் கல்வி அமைப்பினுள் வந்தன. சபைப் பள்ளிகளில் பெரும்பாலானவை உதவி பெறும் நிலையை மீண்டும் ஏற்றன. மற்றவற்றுள் பல ‘அடித்தளப் பள்ளிகள்’ என்னும் புதிய வகையாயின. சபையின் கட்டடச் சுமை பின்னர் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

ஆனால் விலகல் என்னும் கருத்து மறையவில்லை. 2000ஆம் ஆண்டு முதல் லேபர் அரசே நகர அகாடமிகளைத் தோற்றுவித்தது. 2010ஆம் ஆண்டின் அகாடமிகள் சட்டம் அந்நிலையைப் பள்ளிகள் பலவற்றிற்கும் திறந்துவிட்டது. 1988ஆம் ஆண்டின் சட்டத்தோடு இதை ஒப்பிட்டால் இரு வேறுபாடுகள் தெரியும். பெற்றோரின் வாக்கெடுப்பு இதில் இல்லை. மாறாக, சபைப் பள்ளி விண்ணப்பிப்பதற்கு அறக்கட்டளையினரும், சபையின் பிரதிநிதிகளை நியமிப்போரும் இசைய வேண்டும் என்று இச்சட்டம் விதித்தது. கர்தினால் ஹியூம் 1988இல் கேட்டு மறுக்கப்பட்டது, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தில் இடம் பெற்றது. அவர் 1999இல் மறைந்துவிட்டார்.

இன்று இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை அகாடமிகளே. அவற்றுள் பல, பல பள்ளிகளை ஒருங்கே ஆளும் பெரிய அறக்கட்டளைகளின்கீழ் உள்ளன. அத்தகைய அமைப்பில் தனிப் பள்ளிக்குத் தனிச் சட்ட உருவம் இல்லை. அதன் உள்ளூர்க் குழு, மேலமைப்பு ஒப்படைக்கும் அதிகாரத்தையே செலுத்தும். உள்ளாட்சி மன்றத்தினின்று விடுதலை என்று தொடங்கிய பயணத்தின் முடிவில், பல பள்ளிகள் தம் பழைய மன்றத்தின்கீழ் பெற்றிருந்த சுதந்தரத்தைக்கூட இழந்துள்ளன. தன்னாட்சி என்னும் சொல்லில் ‘தான்’ யார் என்பதைத் தெளிவுபடுத்தாத விடுதலை, எளிதில் எஜமானர் மாற்றமாக முடிகிறது.

7. முடிவுரை

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. சர் சார்லஸ் உட்டின் 1854ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து வந்த மானிய முறையின்கீழ்தான் நம் திருச்சபைகளின் பள்ளிகள் பெருகின. அரசின் பணம், சபையின் நிலம், பெற்றோரின் நம்பிக்கை என்னும் மூன்றும் ஒரே கூரையின்கீழ் சேர்ந்த நிலை நமக்கும் உண்டு. சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையை நம் அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு காக்கிறது. அவ்வுரிமை காக்கப்பட வேண்டியதே. ஆனால் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி; அது யாருக்காக அளிக்கப்பட்டது என்பது வேறொரு கேள்வி.

திருமறையில் நாபோத் தன் திராட்சத்தோட்டத்தை அரசனுக்குக் கொடுக்க மறுத்ததை நாம் அறிவோம். நல்ல விலை கிடைக்கவில்லை என்பதற்காக அவன் மறுக்கவில்லை. அது தன் பிதாக்களின் சுதந்தரம், விற்கும் உரிமை தனக்கில்லை என்பதே அவன் நிலை. பள்ளியைப் பற்றித் திருச்சபை கொள்ள வேண்டிய நிலையும் அதுவே. இன்றைய ஆட்சிக் குழுவும், இன்றைய பெற்றோரும், இன்றைய பேராயரும்கூட அதன் உக்கிராணக்காரரேயன்றி உடைமையாளர் அல்லர். முன்னோரிடமிருந்து பெற்று, இன்னும் பிறவாத பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியவர்கள்.

இங்கிலாந்தின் வரலாறு உக்கிராணத்துவத்திற்கு இன்னொரு பொருளையும் சேர்க்கிறது. நாபோத்தின் உறுதி, பறிக்க வந்த அரசனுக்கு எதிரானது. 1988இல் அரசன் பறிக்க வரவில்லை, கொடுக்க வந்தான். கட்டடச் செலவு முழுவதையும் தருகிறேன் என்றான். அக்கொடை அயல் பள்ளியின் பங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் காணும் கண் திருச்சபைக்கு வேண்டியிருந்தது. நம் பள்ளிக்கு ஒரு சலுகையோ தனி நிலையோ வாய்க்கும்பொழுது, அதனால் நம் ஊரின் இன்னொரு பள்ளியில் படிக்கும் பிள்ளை எதை இழக்கும் என்று கேட்பது, கணக்குப் பார்ப்பவரின் வேலையன்று; ஆயரின் வேலை. அவ்வாறே, பெற்றோரையும் ஆசிரியரையும் கலந்து பேசாத நிர்வாகம் தன் உரிமையை நீதிமன்றத்தில் மட்டுமே தேட வேண்டிவரும் என்பதும் வாகன் பள்ளியின் வழக்கு தரும் எச்சரிக்கை.

எழும்பூரின் மணலில் சிறுவர் எழுதியபொழுது, மூத்தவன் தான் கற்றதை இளையவனுக்குக் கொடுத்தான். ஒருவன் கற்றது மற்றவனுக்கு நன்மையாயிற்று. எவனுடைய பங்கும் குறையவில்லை. அம்முறையிலிருந்து கிளைத்த சபைப் பள்ளிகள், இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும், தம் விடுதலையை அந்த அளவுகோலாலேயே அளந்து பார்க்கக் கடமைப்பட்டிருக்கின்றன.